விருந்தாளியை எடை போடக் கூடாது

மொட்டைப்பாறை ஊருக்குள் ஒரு பூசணிக்காய் நுழைய வேண்டுமென்றால், அதே கனத்தில் ஏதாவது ஒன்று ஊரைவிட்டு வெளியே போயாக வேண்டும். அதுதான் சட்டம். பூசணிக்காய்க்கே இந்தக் கெடுபிடி என்றால் நிறைமாதக் கர்ப்பிணிக்கு என்ன கதி என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அந்தக் கர்ப்பிணி வேறு யாருமில்லை. ஊர் எல்லையில் இருக்கும் எடைச்சாவடிக்கு அதிகாரியான அஞ்சுகத்தின் ஒரே மகள் வடிவு. போளூரில் வாக்கப்பட்டவள். ஊரில் எத்தனையோ வழக்கங்கள் சட்டத்துக்குப் பயந்து ஓடிவிட்டன. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது மட்டும் மசியவில்லை. மகளுக்கு மசக்கை என்று கேள்விப்பட்ட அன்றே அஞ்சுகம் வீட்டில் இடம் பண்ண ஆரம்பித்துவிட்டாள். இடம் என்றால் அறை இல்லை, எடை.

அம்மிக்கல் போனது. ஆட்டுக்கல் போனது. மாமியார் கொடுத்த மர பீரோ போனது. எல்லாம் செங்கத்தில் தம்பி வீட்டுக் கொல்லையில் மழையில் நனைந்துகொண்டு கிடந்தன. அதுவும் போதாதென்று ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டாள்.

"என்னாடி இப்பிடித் துரும்பா எளச்சுப் போயிட்ட?" என்று பக்கத்து வீட்டுப் பட்டம்மாள் கேட்டால், "பொறக்கப்போறதுக்கு எடம் வேணாமாக்கா?" என்பாள். பைத்தியம் என்று நீங்கள் சொல்லலாம். மொட்டைப்பாறையில் அதற்குப் பெயர் பாட்டியாவது.

இத்தனை கூத்துக்கும் காரணம் ஒரு கல்.

பூமியின் வடகோடியில் ஒரு காலத்தில் மலை மலையாகப் பனி உட்கார்ந்திருந்ததாம். அது உருகிப் போய் ஆயிரக்கணக்கான வருஷங்கள் ஆகியும், அமுங்கிக் கிடந்த நிலம் இன்னும் மேலே வந்துகொண்டே இருக்கிறது. அப்படி வரும்போது கடலுக்குள்ளிருந்து புதுப்புதுத் தீவுகள் தலையை நீட்டும். நீட்டினால் சும்மா இருப்பார்களா? இது என்னுடையது, அது உன்னுடையது என்று அங்கே இருக்கும் இரண்டு நாடுகள் வரப்புத் தகராறு போல அடித்துக்கொண்டன. நிலம் எவ்வளவு எழும்பியது என்று சரியாக அளந்தால்தான் சண்டை தீரும் என்ற நிலை வந்தது.

அளப்பதற்கு வானத்தில் ஒரு பந்தைச் சுற்ற விட்டார்கள். உடம்பெல்லாம் கண்ணாடி பதித்த உலோகப் பந்து. கீழே நிலம் எங்கே கனமோ அங்கே பந்தின் பாதை ஒரு மயிரிழை வளையும். அந்த வளைவைப் படித்தால் நிலத்தின் ஏற்ற இறக்கம் தெரிந்துவிடும். ஒரே ஒரு சிக்கல். பந்தைப் பார்ப்பவன் நிற்கிற இடம் அசையக் கூடாது. ஆடுகிற ஊஞ்சலில் உட்கார்ந்துகொண்டு எதிர் ஊஞ்சல் எவ்வளவு ஆடுகிறது என்று சொல்ல முடியுமா? உலகமெல்லாம் தேடி, பனியே கால் வைக்காத, பூமியிலேயே பழைய பாறைகளில் ஒன்று என்று மொட்டைப்பாறைக் குன்றைக் கண்டுபிடித்தார்கள். உச்சியில் ஒரு தூணை நட்டு, அதன் தலையில் பந்தைப் பார்க்கும் கருவியைப் பொருத்தினார்கள். ஊரில் அதற்கு அசையாக்கல் என்று பெயராயிற்று.

கல் நட்ட மறு வருஷம், நம்ம ஊர் வழக்கப்படி, காண்ட்ராக்டர் ஒருவர் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோடு போட்டார். அந்தத் தார் பாரத்தில் அசையாக்கல் கண்ணுக்குத் தெரியாத அளவு அமுங்கியது. அவ்வளவுதான், வடக்கே ஒரு தீவு கணக்கில் ஒரு நாட்டிடமிருந்து இன்னொரு நாட்டுக்குக் கைமாறிவிட்டது. அதிலிருந்து உலக நாடுகள் கூடிப் பேசி, மொட்டைப்பாறையின் மொத்த எடை கூடவும் கூடாது, குறையவும் கூடாது என்று சட்டம் போட்டன. பதிலுக்கு நல்ல ஆஸ்பத்திரி தருகிறோம், தினமும் குழாயில் தண்ணீர் விடுகிறோம் என்றார்கள். தினமும் தண்ணீர் என்றதும் ஊர் மறுபேச்சுப் பேசவில்லை.

அப்புறம்தான் வலி தெரிந்தது. பொங்கலுக்குத் தங்கை ஊருக்குள் வந்தால் அண்ணன் வெளியே போக வேண்டும். இருவரும் சாவடியில் எதிரும் புதிருமாகப் பார்த்து, "நல்லாருக்கியாண்ணே?" "நல்லாருக்கேன், நீ போயி சாப்புடு" என்று சொல்லிக் கடந்து போவார்கள். அஞ்சுகம் தினம் இதைப் பார்த்துப் பார்த்து மனசு மரத்துப் போயிருந்தாள்.

அசையாக்கல்லைப் பார்த்துக்கொள்ள வந்தவர்தான் ஹால்வர். அந்தப் பனி நாடு இரண்டில் ஒன்றைச் சேர்ந்தவர். தமிழைப் புத்தகத்தில் படித்துவிட்டு வந்திருந்தார். ஊர் அவரை ஆளவந்தார் என்று கூப்பிட்டது. வந்த அன்று அஞ்சுகம் அவரை எடைமேடையில் ஏறச் சொன்னபோது பட்டம்மாள் பாய்ந்து வந்தாள்.

"ஏன்டி, அறிவிருக்கா ஒனக்கு? ஊடு தேடி வந்த மனுசன தராசுல ஏத்துவியா? கண்ணு பட்டுடாது?"

நியாயம்தானே! சாப்பிட வந்தவனை எடை போட்டுப் பார்க்கிற வீடு விளங்குமா? அப்போது ஆளவந்தார் முருங்கைக்காய் மாதிரி இருந்தார். அஞ்சுகம் கண்ணாலேயே மதிப்புப் போட்டு, அதற்கு ஈடாக அரிசி மூட்டையை வெளியே தள்ளிவிட்டு அவரை உள்ளே விட்டாள். அதற்கப்புறம் ஊரில் மாசாமாசம் ஆடு மாடு முதற்கொண்டு எல்லோரையும் எடை போட்டார்கள், அவரைத் தவிர. எல்லாவற்றையும் அளக்கிற அவருக்கும் தன்னை அளந்து பார்க்கத் தோன்றவில்லை.

நல்ல மனுஷர், அதில் சந்தேகமே இல்லை. ஒருநாள் அஞ்சுகம் சோறு எடுத்துக்கொண்டு குன்றேறியபோது அவர் விளக்கம் சொன்னார்.

"மெத்தையில் ஒருவர் நெடுநேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து போகிறார் அம்மா. மெத்தை உடனே பழையபடி ஆகிறதா? மெதுவாகத்தானே மேலே வருகிறது? நிலமும் அப்படித்தான்."

"பனி போயி எவ்ளோ காலமாச்சுன்னீங்க! இன்னுமா சார் அதுக்குத் தெரியல?"

"தெரியும். போனது தெரியும். ஆனாலும் எழுந்திருக்க நாளாகிறது."

அஞ்சுகம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "இன்னும் ஒரு கரண்டி போட்டுக்குங்க சார்" என்று சாம்பாரை ஊற்றிவிட்டு இறங்கி வந்தாள்.

இப்படி இருக்கையில்தான் இடி விழுந்தது. வடிவுக்கு மாதம் நெருங்கும் சமயம். அசையாக்கல் மறுபடி அமுங்குகிறது என்றார் ஆளவந்தார். ஊருக்குள் கணக்கில் வராத கனம் ஏதோ இருக்கிறது, அது கிடைக்கும்வரை மனிதரோ மூட்டையோ எதுவும் உள்ளே வரக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு. ஈடு கொடுத்தாலும் செல்லாது. அஞ்சுகம் மாசக்கணக்கில் பட்டினி கிடந்து பண்ணி வைத்த இடம் அப்படியே வீணாயிற்று.

ஊர் முழுக்கச் சோதனை நடந்தது. கிணற்றில் ஆள் இறங்கித் தேடினான். பிள்ளையாரைக்கூடத் தூக்கி எடை போட்டுப் பார்த்து, மன்னிப்புக் கேட்டுத் திரும்ப உட்கார வைத்தார்கள். எதுவும் அகப்படவில்லை. சரி, நாமாவது இளைப்போம் என்று ஊரே அரை வயிறு சாப்பிட ஆரம்பித்தது. அப்படியும் கல் அமுங்குவது நிற்கவில்லை. ஊர் இளைக்க இளைக்க இன்னும் வேகமாக அமுங்கியது.

வடிவுக்கு வலி கண்டது ஒரு செவ்வாய்க்கிழமை, உச்சி வெயிலில். மருமகன் மணவாளன் வேனை எடுத்துக்கொண்டு நேராகச் சாவடிக்கு வந்து எடைமேடை மேல் நிறுத்தினான். மேடையின் எண் பலகை வேன் எடையைக் காட்டியபடி நின்றது. வேனுக்கு முன்னால், மேடைக்கு நடுவே குறுக்காக இரும்புக் கம்பி. கம்பியின் சாவி அஞ்சுகத்தின் இடுப்பில்.

"அம்மா, தொறம்மா!" என்று உள்ளேயிருந்து வடிவு கத்தினாள்.

"அத்தே, போளூருக்குத் திரும்பிப் போற நெலமையில அவ இல்ல. ஆஸ்பத்திரி அதோ கண்ணுக்குத் தெரியுது," என்றான் மணவாளன். "நீங்கதான அதிகாரி? ஒங்க கைலதான சாவி இருக்கு?"

அஞ்சுகம் சாவியைத் தொட்டுப் பார்த்தாள். திறந்தால் வேலை போகும். அது போகட்டும், பீடை. ஊருக்கு ஆஸ்பத்திரியும் தண்ணீரும் போய்விடும். ஊர்க்காரர்கள் எல்லோரும் வேலை வெட்டியை விட்டுச் சாவடியில் கூடிவிட்டார்கள். திற என்று யாரும் சொல்லவில்லை, திறக்காதே என்றும் சொல்லவில்லை. எல்லோரும் அவள் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் சாவியை உருவிவிட்டாள். அந்த நேரம் பார்த்துக் குன்றிலிருந்து ஆளவந்தார் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"வேண்டாம் அம்மா! கெஞ்சிக் கேட்கிறேன். வெள்ளிக்கிழமை தீவு வழக்கில் தீர்ப்பு. உங்கள் கல் அமுங்கினால் என் நாட்டு நிலம் உயர்ந்ததாகக் கணக்கு வரும். தீவு எங்களுக்குக் கிடைத்துவிடும். பொய்யான எடையால் என் நாடு ஜெயிக்கக் கூடாது!"

"யோவ், புள்ளத்தாச்சிகிட்ட வந்து தீவு கீவுன்னு பேசிக்கினு நிக்கிற!" என்று மணவாளன் சண்டைக்குப் போனான்.

அவனைச் சமாதானம் செய்ய ஆளவந்தார் அவன் தோளைப் பிடித்தபடி எடைமேடை மேல் ஏறினார்.

எண் பலகை ஒரு குதி குதித்தது.

வடிவுகூட ஒரு கணம் கத்துவதை நிறுத்தினாள். எல்லோரும் பலகையைப் பார்த்தார்கள், பிறகு ஆளவந்தாரைப் பார்த்தார்கள், பிறகு ஆளுக்கொரு திசையில் ஆகாயத்தைப் பார்த்தார்கள். மகள் வலியில் துடிக்கிறாள், ஆனாலும் பழக்கம் விடுமா? அஞ்சுகம் ஓடிப் போய்த் தன் முந்தானையை விரித்துப் பலகையை மூடினாள்.

"என்ன அது?" என்றார் ஆளவந்தார்.

"ஒண்ணுமில்ல சார். மிஷின் ரிப்பேரு," என்றாள் பட்டம்மாள்.

"ஆமா சார், ரிப்பேருதான்," என்றது ஊர், ஒரே குரலில்.

ஆளவந்தார் முந்தானையை மெல்ல விலக்கினார். பலகையைப் பார்த்தார். மேடையிலிருந்து இறங்கினார், எண் விழுந்தது. ஏறினார், எழுந்தது. முருங்கைக்காயாக வந்தவர் தன் வயிற்றை முதல் தடவையாகக் கண்ணால் பார்த்தார். அங்கே ஒரு முழுப் பலாப்பழம் இருந்தது.

"நான் எங்கே உட்காருகிறேன்?" என்று கேட்டார், யாரையும் பார்க்காமல்.

"கல்லுக்குப் பக்கத்துல சார்," என்றாள் அஞ்சுகம். "நாற்காலிகூட ரெண்டு மூணு ஒடைஞ்சு போயி மாத்துனோமே."

"நீங்கள் எல்லோரும் இளைத்தீர்களே, அந்தச் சோறெல்லாம் எங்கே போயிற்று?"

பட்டம்மாள்தான் சொன்னாள். "ஆக்குனத கொட்ட முடியுமா சார்? பாவம், பனி ஊர்ல பொறந்த புள்ள, பொண்டாட்டி புள்ள கெடயாதுன்னு ஆளுக்கு ஒரு வேளைன்னு ஒங்களுக்குத்தான் கொண்டாந்தோம்."

"ஊரின் எடை கூடவே இல்லை," என்றார் ஆளவந்தார். அவர் குரல் அழுகிற மாதிரியும் இருந்தது, சிரிக்கிற மாதிரியும் இருந்தது. "ஊர் முழுவதும் வந்து ஒரே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது. ஏன் அம்மா, ஏன்? போதும் போதும் என்று சொன்னேனே!"

"போதும்னு எல்லாரும்தான் சொல்லுவாங்க. நீங்க எலய மடிக்கலியே!"

"இலையை மடிக்க வேண்டுமா?"

"மடிச்சாத்தான சார் போதும்னு அர்த்தம்? மடிக்காத எல காலியா கெடந்தா வச்சிக்கினேதான் இருப்போம். விருந்தாளி எல காலியா இருக்கலாமா?"

"எங்கள் ஊரில் தட்டில் மிச்சம் வைப்பது அவமரியாதை. வைத்ததைக் காலி செய்தால்தான் போதும் என்று அர்த்தம்."

போச்சுடா! இவர்கள் வைக்க, அவர் காலி செய்ய, அவர் காலி செய்ய, இவர்கள் வைக்க, வருஷக்கணக்கில் இரண்டு மரியாதைகள் போட்டி போட்டுக்கொண்டு ஒரு தீவைக் கடலிலிருந்து தூக்கியிருக்கின்றன. இந்தப் பக்கம் ஒருத்தி பிள்ளை பெற முடியாமல் வேனுக்குள் கிடக்கிறாள்.

"அம்மா!" என்று வடிவு அலறினாள்.

ஆளவந்தார் அதற்குமேல் நிற்கவில்லை. கணக்கில் வராத கனம் கம்பிக்குக் கீழே குனிந்து, சிரமப்பட்டு நுழைந்து, தன் காலாலேயே ஊருக்கு வெளியே நடந்தது. "கனம் கிடைத்துவிட்டது. திறங்கள் அம்மா," என்றார் அங்கிருந்து. அஞ்சுகம் பூட்டைத் திறந்தாள். வேன் சீறிக்கொண்டு உள்ளே போனது. அவள் அதன் பின்னால் ஓடினாள், பிறகு நின்றாள், திரும்பினாள். சாப்பாட்டு வேளையில் விருந்தாளியைப் பட்டினியாக வெளியே அனுப்பிய பாவம் அவளை இழுத்தது.

"நீ போடி, அவர நான் பாத்துக்கறேன்!" என்று பட்டம்மாள் விரட்டினாள். எங்கிருந்து எடுத்தாளோ, ஒரு புளிசாதப் பொட்டலத்தைக் கம்பிக்கு வெளியே நீட்டினாள்.

"எடை?" என்றார் ஆளவந்தார் பயந்துபோய்.

"வெளிய போற எடைதான சார்? துன்னுங்க."

பொழுது சாய்வதற்குள் பெண் குழந்தை பிறந்தது. அம்மிக்கல்லும் ஆட்டுக்கல்லும் பண்ணி வைத்த இடத்தில் அது கையைக் காலை ஆட்டிக்கொண்டு படுத்திருந்தது. அஞ்சுகம் அன்று ராத்திரி மாசக்கணக்குக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள், சாப்பிட்டுக்கொண்டே அழுதாள். பேத்தி வந்த சந்தோஷம் பாதி, வந்தவரை விரட்டிய வெட்கம் பாதி.

ஆளவந்தார் மேலிடத்தில் உண்மையைச் சொல்லிவிட்டார். தன் வயிறுதான் காரணம் என்று உலகச் சபையில் எழுந்து நின்று சொல்ல ஒரு மனசு வேண்டும். அவருடைய வயிற்றைக் கழித்துவிட்டுக் கணக்குப் போட்டபோது, தீவு இன்னும் கடலுக்குள்தான் இருக்கிறது என்று வெள்ளிக்கிழமை தீர்ப்பாயிற்று. அதன்மேல் நின்றுகொண்டிருந்த பறவைகளுக்கு யாரும் இதைச் சொல்லவில்லை. அவரை அவர் நாட்டுக்கே திருப்பி அழைத்து, பனிக்காட்டில் ஒரு மரக் குடிசையில் உட்கார வைத்துப் பந்தின் கணக்கைப் பார்க்கச் சொன்னார்கள். அடிக்கடி ஃபோன் செய்வார். குழந்தைக்குப் பல் முளைத்ததா என்று கேட்பார். இளைத்துவிட்டேன் என்பார், அதைக் கேட்டுப் பட்டம்மாள் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

ஐந்தாம் மாதம் வடிவைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பும் நாள் வந்தது. குழந்தை அதற்குள் அஞ்சுகத்தின் முகம் தெரிந்து சிரிக்கப் பழகியிருந்தது. தாயும் பிள்ளையும் வெளியே போவதற்கு ஈடாகச் செங்கத்திலிருந்து அம்மி வந்தது, ஆட்டுக்கல் வந்தது, பீரோ வந்தது. ஈடு பார்க்கும் பெரிய தராசின் முள் நட்டநடுவில் நின்றது. இம்மி பிசகில்லை. அஞ்சுகம் கம்பியைத் தானே தூக்கிவிட்டு வேனுக்குக் கையசைத்தாள். அழவில்லை. அதிகாரி அழுதால் நன்றாகவா இருக்கும்?

மறுநாள் அவள் வீட்டில் இருக்கும்போது ஆளவந்தாரிடமிருந்து ஃபோன் வந்தது.

"அம்மா, நேற்று உங்கள் ஊரிலிருந்து என்ன வெளியே போனது?"

"போனதுக்கு வந்தது சரியாப் போச்சே சார். முள்ளு நடுவுல நின்னுச்சு. நாந்தான பாத்தேன்."

"அதுதான் எனக்கும் புரியவில்லை. அசையாக்கல் சரியாக இருக்கிறது. ஆனால் கல்லுக்குக் கிழக்கே, உங்கள் தெருவில், உங்கள் வீடு இருக்கும் இடத்தில் மட்டும் நிலம் எழும்புகிறது. நான்கு முறை பார்த்துவிட்டேன். பெரிய பனிமலை ஒன்று எழுந்து போனால்தான் இப்படி வரும். அங்கே என்ன இருந்தது அம்மா?"

அஞ்சுகம் வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். அம்மி அதன் இடத்தில் இருந்தது. பீரோ அதன் இடத்தில் இருந்தது. உத்தரத்தில் ஒரு வெறும் கயிறு தொங்கிக்கொண்டிருந்தது.

"தூளிய அவுத்தோம் சார்," என்றாள். "வேற ஒண்ணுமில்ல."

அந்தப் பக்கம் அவர் பேனாவை மூடி வைக்கும் சத்தம் கேட்டது.

"எவ்ளோ நாளு சார் இப்பிடி மேல வரும்?"

"மெதுவாகத்தான் வரும் அம்மா," என்றார் அவர். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "காரணம் கேட்பார்கள். எதையாவது சொல்லியாக வேண்டும். என்ன சொல்லட்டும்?" என்றார்.

அஞ்சுகம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"பனின்னு சொல்லிடுங்க சார்," என்றாள். "நீங்க சாப்டீங்களா?"